கட்டுமாவடிப் பயணமும் ராஜியின் உள்ளங்காலும்

இப்படி வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறீர்களே, தோல் என்னத்துக்கு ஆகும் என்று இந்த வலைப்பூவில் அடிக்கடி கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேருக்குக் கறுத்துப்போவதுதான் கவலை. நான் பிறவியிலேயே நல்ல கறுப்பு, அதனால் அந்தக் கவலை எனக்கு இருந்ததில்லை. ஆனால் போன வருஷக் கோடையில் மூக்குத் தோல் எரிந்து உரிந்தபோது புதுக்கோட்டையில் ஒரு தோல் டாக்டரிடம் போக வேண்டியதாயிற்று. கறுப்புத் தோலும் வெயிலில் வேகும் என்று அந்த அம்மா சிரிக்காமல் சொன்னார். சரி, முழுப் பாதுகாப்போடு ஒருநாள் பயணம் போய் அதையே எழுதிவிடலாம் என்று ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் கிளம்பினேன்.

காலை ஆறு மணிக்குப் புதுக்கோட்டையிலிருந்து புறப்பாடு. முழுக்கைச் சட்டை, கையுறை, கழுத்தைச் சுற்றித் துப்பட்டா. முகம், காது, பின்கழுத்து எல்லா இடத்திலும் சன்ஸ்கிரீன். திருவரங்குளத்தில் டீ குடிக்க நிறுத்தினால் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தேனெடுக்கப் போறீங்களா தாயி?"

"ஆமாண்ணே. கட்டுமாவடிக்கு."

"கடல்ல ஏது தேனு?" என்று சிரித்துவிட்டு, டீயில் சர்க்கரையைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டார். பன்னிரண்டு ரூபாய்.

ஆலங்குடி வழியாகக் கறம்பக்குடிக்கு நாற்பது கிலோமீட்டர் வரும். அங்கேதான் ராஜியை ஏற்றிக்கொண்டேன். கல்லூரியில் என்னோடு படித்தவள். போலீஸ் வேலைக்குப் போயே தீருவேன் என்று தினமும் காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் வெறுங்காலோடு ஓடுகிறவள். முந்தைய முறை ஓட்டத்தில் மயிரிழையில் விட்டுவிட்டாள். இந்த முறை உடல்தகுதித் தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. சன்ஸ்கிரீனை நீட்டினேன்.

"போடி, இதெல்லாம் செவத்த ஆளுகளுக்கு. நம்மள வெயிலு என்ன பண்ணும்?"

பூசாவிட்டால் வண்டி நகராது என்று சாவியை உருவியதும், பாட்டிலைப் பிடுங்கி ரொட்டிக்கு ஜாம் தடவுவதுபோல அப்பிக்கொண்டாள்.

பேராவூரணி வழியாகக் கட்டுமாவடி சேரும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. படகுகள் கரை திரும்பி, மீன் ஏலம் சத்தமாக நடந்துகொண்டிருந்தது. இங்கே அலை கிடையாது, கரையெல்லாம் சேறு. செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் ஆழம்வரை போய் வந்தோம். கரையேற்றி வைத்திருந்த ஒரு படகின் விளிம்பில் உட்கார்ந்து, ராஜி பாட்டில் தண்ணீரால் காலைக் கழுவினாள். கழுவியவள் காலை என் பக்கம் நீட்டினாள்.

"காலை அங்கிட்டு மடக்குடி, மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டு" என்று திட்டினேன். திட்டும்போதுதான் கண்ணில் பட்டது. குதிகாலை ஒட்டி, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்பு. ஓரம் ஒழுங்காக இல்லை. ஒரு பக்கம் பழுப்பு, மறுபக்கம் மை.

"என்னடி இது?"

"முந்திரி எண்ணெய். வறுக்கையில கொட்ட வெடிச்சுத் தெறிச்சது."

கறம்பக்குடிப் பக்கம் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் ஒரு எண்ணெய் உண்டு. தோலில் பட்டால் பட்ட இடம் வெந்து கறுக்கும், பிறகு தானாக உரிந்துவிடும். சித்திரை மாதம் முழுக்க அங்கே முக்கால்வாசிப் பேர் கறுத்த விரல்களோடுதான் திரிவார்கள். அதனால் யார் உடம்பில் எங்கே கறுப்பு தெரிந்தாலும் பழி முந்திரிமேல்தான்.

"சித்திரையில தெறிச்சது. இப்ப ஆவணி. கையக் காட்டு."

காட்டினாள். இரண்டு கையும் உரிந்து சுத்தமாக இருந்தன.

"கை உரிஞ்சிருச்சு. இது ஏன் உரியல?"

"ஓடுறேன்ல, அதான் ஆறல" என்றாள். விரலால் அந்த இடத்தைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "பெருசாயிக்கிட்டே வருதுடி" என்றாள்.

மாதம் ஒருமுறை உள்ளங்கை, உள்ளங்கால், நகக்கண் எல்லாம் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நம்மைப் போன்ற நிறத்துக்காரர்களுக்கு ஆபத்தான தோல் புற்றுநோய் வந்தால், அந்த இடங்களில்தான் அதிகம் வருமாம். அதை ராஜியிடம் சொன்னேன்.

"வெட்டணும்னுட்டா நான் எப்படிடி ஓடுறது? தேர்வ முடிச்சுட்டு வாரேன், அப்புறம் பாத்துக்கலாம்."

"கால் இருந்தாத்தான்டி ஓட்டம்!" என்று கத்திவிட்டேன். ஏலத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கரையோரக் கடையில் சொல்லி வைத்திருந்த மீன் சாப்பாட்டை விட்டுவிட்டு, அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டைக்கு வண்டியைத் திருப்பினேன். அறுபத்தைந்து கிலோமீட்டரும் ராஜி என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் விளக்கு வைத்த சின்ன லென்ஸால் வெகுநேரம் பார்த்தார். "இது எண்ணெய்க் கறை மாதிரி இல்லம்மா. துளி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிடலாம்."

"வெயிலே படாத எடம் டாக்டர்" என்றாள் ராஜி, ஏதோ அதைச் சொன்னால் தப்பித்துவிடலாம் என்பதுபோல.

"வெயில் பண்றது வேற. உள்ளங்கால்ல வர்ற வகைக்கு வெயிலே வேணாம்" என்றார்.

புற்றுநோய்தான். ஆனால் தொடக்கம். தஞ்சாவூரில் அறுவைச் சிகிச்சை செய்து சுற்றுத்தோலோடு எடுத்தார்கள். வேறெங்கும் பரவவில்லை, இன்னும் சில வருஷம் தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். தேர்வு போயிற்று. தேர்வு நடந்த அன்றைக்குக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவளுக்காகப் பாதி, பிழைத்தாள் என்ற நிம்மதியில் பாதி.

கிளம்பப் போகிறவர்களுக்கு: முடிந்தால் பத்து மணிக்குள் வெயிலை முடித்துவிடுங்கள். SPF எண் முப்பதோ அதற்கு மேலோ போட்ட சன்ஸ்கிரீன் போதும், விலை கூடினால் பலன் கூடும் என்பதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசாவிட்டால் காலையில் பூசியது வீண். வியர்த்தால் அதற்கும் முன்னால். தொப்பி, முழுக்கை, கறுப்புக் கண்ணாடி. இவ்வளவும் செய்துவிட்டு, வெயில் படாத இடத்தையும் பாருங்கள். காலை நீட்டுவது மரியாதை இல்லை என்று மடக்கி மடக்கியே வளர்ந்த நமக்கு, நம் உள்ளங்காலே தெரியாது. புதுசாக வந்தது, பெரிதாவது, நிறம் மாறுவது, ஆறாத புண் எதுவானாலும் காரணத்தை நீங்களே கண்டுபிடிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லை என்பதையும் அவரே சொல்லட்டும்.

அடுத்த சித்திரையில் ராஜி வீட்டில் வறுக்கும்போது எல்லார் காலிலும் ஷூ இருந்ததாம். ஆடி பிறந்தும் உரியாத கறுப்பு யார் உடம்பில் இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்.

வைகாசியில் மறுபடி கட்டுமாவடி போனோம். கேட்காமலே சன்ஸ்கிரீன் பூசி, தொப்பி போட்டு, புது ஷூவோடு வந்தாள். ஓட ஆரம்பித்துவிட்டாள், அடுத்த தேர்வுக்கு விண்ணப்பித்தும் விட்டாள். அதே மாதிரி ஒரு படகு விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"நல்லாப் பாத்துக்க."

குதிகாலை ஒட்டி வழவழவென்று ஒரு தழும்பு. கறுப்பு எங்கேயும் இல்லை. நான் விரல் விரலாகப் பார்த்து முடித்ததும், "இப்ப ஒங் காலக் காட்டு" என்றாள்.

கூச்சமாகத்தான் இருந்தது. நீட்டினேன். மடியில் வைத்துக்கொண்டு நகக்கண்வரை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. வா, அன்னைக்கு விட்ட மீனைச் சாப்பிடுவோம்."