நான் குடிக்காத கள்

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. பால்காரர் ஊற்றும்போது எட்டிப் பார்ப்பேன். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். அதனால்தான் அப்பா அந்த வேலைக்கு என்னைப் பிடித்தார்.

தங்கைக்குப் பரவையில் மாப்பிள்ளை பேசியிருந்தோம். காய்கறி வியாபாரம், கொஞ்சம் நஞ்சை, ஓட்டு வீடு. பெண் பார்க்க வந்த அன்று தங்கை கதவிடுக்கு வழியாக அவரைப் பார்த்துவிட்டு, அன்றைக்கெல்லாம் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தட்டு மாற்ற வேண்டும். அதற்குள் யாரோ அப்பாவின் காதில் ஓதிவிட்டார்கள், சந்தை நாளன்று மாப்பிள்ளையைக் கள்ளுக்கடையில் கண்டதாக. குடிக்கிறவனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்பதில் அப்பா ஒரே பிடிவாதம். பெரியப்பா குடித்தே அழிந்தவர்.

"நாளைக்குச் சந்தை. நீ போயி உன் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு. யாருக்கும் தெரியக் கூடாது, உங்கம்மாவுக்கும்" என்றார்.

தங்கை எப்படியோ மோப்பம் பிடித்திருந்தாள். "பாக்காததப் பாத்தேன்னு சொல்லிப்புடாதீகண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

மில் ஆபீசிலிருந்து நேரே போனேன். திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பனைகளுக்கு நடுவே ஓலைக் கொட்டகை. சந்தை நாளில் அங்கே நையாண்டி மேளம் உண்டு. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மேளம் பேச வருகிறவர்கள் அங்கே கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். அதனால் இரண்டு செட்டுகள் எதிரெதிராக உட்கார்ந்து போட்டி போட்டு வாசித்தன. வாசிப்பு பிடித்துப்போனவர் நாயனக்காரருக்குத் துண்டு போர்த்துவார். உடனே மேளம் நிற்கும். போர்த்தியவர் யார், யாருக்காகப் போர்த்தினார் என்று ஊர் உறவோடு உரக்கச் சொல்லிவிட்டுத்தான் மறுபடி தொடங்குவார்கள்.

சும்மா உட்கார்ந்தால் தப்பாகத் தெரியும் என்று ஒரு கலயம் வாங்கி முன்னால் வைத்துக்கொண்டேன். நுரையில் எறும்பு செத்துக் கிடந்தது. அளவிலும் குறைத்திருப்பான் என்று தோன்றியது. குடிக்கப் போவதில்லை என்றாலும் எரிச்சலாக இருந்தது.

எதிரே பச்சைத் தலைப்பாகை கட்டிய ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மஃப்டி போலீஸா? கள்ளுக்கடை மறியல்காரர்களுக்குத் துப்புச் சொல்கிறவரா? சட்டைப் பையைப் பொத்திக்கொண்டேன். அவர் கண் என் மேல் விழும்போதெல்லாம் கலயத்தை உதட்டில் வைத்து வைத்து எடுத்தேன்.

மாப்பிள்ளை வந்தார். உறுமிக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவர் காலடியிலும் ஒரு கலயம் இருந்தது. அவருடையதா, பக்கத்து ஆளுடையதா? பதநீரோ? சாயங்காலத்தில் ஏது பதநீர். அவர் குனிகிறபோதெல்லாம் உறுமிக்காரரின் முதுகு மறைத்தது. கழுத்தை நீட்டினேன். அந்த நேரம் பச்சைத் தலைப்பாகைக்காரர் எழுந்து போய் மாப்பிள்ளையின் காதில் ஏதோ சொன்னார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். சட்டென்று எழுந்து, தன் தோளில் கிடந்த துண்டை நாயனக்காரருக்குப் போர்த்தினார்.

மேளம் நின்றது. "நம்ம பரவை மாப்ள, தனக்கு மச்சானா வரப்போற மதுரை மில் ஆபீசு ஐயாவுக்காகப் போத்துன துண்டு இது. அந்தா, கலயத்தோட உக்காந்திருக்காக" என்று நாயனக்காரர் முழங்கினார். இரண்டு செட்டும் என்னைச் சூழ்ந்து நின்று வாசித்தன. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவர் குடித்ததைப் பார்க்கவில்லை என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை வந்தவர்களில் பச்சைத் தலைப்பாகைக்காரரும் இருந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பாவாம், பெண் பார்க்க வந்தபோது வராதவர். தட்டைத் தூக்கும் முன் தொண்டையைக் கனைத்தார்.

"பொண்ணுல குறையில்ல. பொண்ணோட அண்ணன நெனச்சாத்தான் யோசனையா இருக்கு. கல்யாணத்துக்கு மேளம் பேசப் போன எடத்துல பாத்தேன். கலயத்த எம்புட்டு ஆசையா வாயில வச்சாரு. நாளைக்கு எங்க பிள்ளையவும் கூட்டிட்டுப் போயிட்டா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் விட்டத்தைப் பார்த்தார். வேவு பார்க்க வந்தேன் என்று சொன்னால் சம்பந்தம் அங்கேயே முறிந்துவிடும். கதவுக்குப் பின்னால் தங்கையின் வளையல் சத்தம் நின்றுபோனது.

"எப்பவாச்சும் போறதுதான். இனிமே தொட மாட்டேன்" என்றேன்.

வாய்வார்த்தை போதாதாம். சூடம் கொளுத்தினார்கள். ருசியே தெரியாத கள்ளை இனித் தொடுவதில்லை என்று சத்தியம் செய்து, சூடத்தை அடித்து அணைத்தேன். உள்ளங்கை சுட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபம் அவர் சாகும்வரை எனக்கு ஆறவில்லை.

தட்டு மாறியது. பந்தியில் மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்கு வந்தீகன்னு எனக்குத் தெரியும் மச்சான்" என்றார், இலையைத் துடைத்தபடி.

"தெரிஞ்சுமா சித்தப்பாகிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? அவரு கண்ணு பூரா உங்க கலயத்து மேலயே இருந்துச்சு. என்னோடத அவரு பாக்கவே இல்ல."

சோறு பரிமாறிக்கொண்டே வந்தார்கள். உள்ளே தங்கை சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.