சசிகலா முன்னால் மக்கர் பண்ணாத வண்டி

"காலைல மொத ஸ்டார்ட்லயா, வழியில நிறுத்தி எடுக்கும்போதா? வெயில்ல நின்னுச்சா, நெழல்லயா? டக்குனு ஒரு சத்தம் வந்துச்சா, ஒண்ணுமே வர்லியா? சொல்லிட்டு அப்பறம் டீ குடிக்கப் போங்கண்ணா."

பானெட்டைத் திறப்பதற்கு முன்பே சசிகலா இப்படித்தான் ஆரம்பிப்பாள். ஒரகடம் கூட்டு ரோட்டைத் தாண்டி, சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையோரத்தில் அவளுடைய தகரக் கொட்டகை இருக்கிறது. வண்டி எலக்ட்ரீசியன். வண்டியை விட்டுவிட்டு நைசாக நழுவலாம் என்று நினைக்கும் டிரைவர்கள் அவளிடம் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்க்க வேண்டும். பிரசவத்துக்கு வந்தவளிடம் நர்ஸம்மா கேட்பதைவிட இவள் அதிகம் கேட்பாள்.

ஒன்பது வருஷம் ஒரு கம்பெனியில் லைனில் நின்றவள். கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுகிற வேலை. ஒரு நாள் கான்ட்ராக்ட் முடிந்தது என்று சொல்லி, கழுத்திலிருந்த அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கம்பெனி போயிற்று, பழக்கம் போகவில்லை. இன்றும் கொண்டையைத் துணித் தொப்பிக்குள் செருகிக்கொண்டுதான் வேலையில் இறங்குவாள். எந்த ஒயரைப் பொருத்தினாலும் இரண்டு விரலால் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள். கழன்று வந்துவிட்டால், "தூங்கிகினு கீறியாடி நீ?" என்று தன்னையே திட்டிக்கொள்வாள். பச்சை ஒயர் இருக்க வேண்டிய இடத்தில் எவனோ நீலத்தை ஒட்டுப் போட்டிருந்தால் அன்று முழுக்க அவளுக்கு முகமே சரியாக இருக்காது. பக்கத்துப் பஞ்சர் கடை தாண்டவராயன், "கலரப் பாத்தா வண்டி ஓடப் போவுது?" என்று சீண்டுவார். அவள் காதில் வாங்காமல் நீலத்தை அறுத்துப் பச்சையை மாட்டுவாள்.

இப்பேர்ப்பட்டவளுக்கு இரண்டு முறை அசட்டுப் பட்டம் கட்டியது கோதண்டத்தின் பழைய பிக்கப். அதற்குப் பதினான்கு வயது. வல்லம் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையிலிருந்து பெரிய கம்பெனி ஒன்றுக்கு நாளுக்கு மூன்று நடை பாகங்கள் ஏற்றிப் போகிறது. உள்ளே போய் நின்றதும் எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, டிரைவர் இறங்கி ஷெட்டில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். அங்கே அதுதான் சட்டம். சரக்கு இறங்கிய பிறகு வந்து சாவியைத் திருப்பினால் பெரும்பாலும் வண்டி பிடித்துவிடும். சில நாள் மட்டும் செல்ஃப் எடுக்காது. முனகல்கூட வராது. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, செக்யூரிட்டி ஆட்கள் இரண்டு தடவை தள்ளி வெளியே விட்டார்கள். "இன்னொரு தபா உள்ள நின்னுச்சு, உன் வண்டி லிஸ்ட்ல இருக்காது" என்று அங்கிருந்த சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அந்த லோடை விட்டால் கோதண்டத்துக்கு வேறு பிழைப்பு இல்லை.

முதல் தடவை சசிகலா பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்து இறுக்கினாள். இரண்டாம் தடவை செல்ஃபுக்குக் கரன்ட் விடும் ரிலேயை மாற்றினாள். இரண்டு தடவையும் கோதண்டம் சாவியைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட, அவள் நாற்பது முறை ஸ்டார்ட் செய்து பார்த்தாள். நாற்பது முறையும் வண்டி பிடித்தது. "என் எதிர்ல மட்டும் நல்ல புள்ள மாரி நடிக்குது" என்றாள். அவள் சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிய வண்டியைத்தான் செக்யூரிட்டிகள் தள்ளினார்கள். அந்த வெட்கம் அவளுக்குச் சோறு இறங்கவிடவில்லை.

மூன்றாம் தடவை வந்தபோது அவள் ஸ்பேனரைத் தொடவே இல்லை. செல்ஃப் மோட்டாருக்குப் போகும் ஒயரில், கரன்ட் வந்தால் எரியும் டெஸ்ட் லாம்ப்பை மட்டும் மாட்டி, கண்ணில் படும்படி கண்ணாடியோரம் வைத்தாள். "இன்னைக்கு டீ கெடையாது. ஏறி உக்காருங்க. கம்பெனிக்குள்ள எப்டி போடுவீங்களோ, அப்டியே போடுங்க" என்று சொல்லி, பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கோதண்டம் பேன்ட் பையிலிருந்து ஒரு சாவிக் கொத்தை இழுத்தார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"இன்னாண்ணா இது?"

"ரூம் சாவிம்மா. நான் பாத்துக்கிற லைன் வூடுங்களோடது. பதினோரு ரூமு, டூப்ளிகேட்டோட இருவத்திரெண்டு. அங்க வாடகைக்குக் கீற திருநெல்வேலிப் பசங்கள்ல வாரத்துக்கு ஒருத்தன் சாவியத் தொலச்சுட்டு வந்து நிப்பான்."

"என்னாண்ட ஒத்த சாவிதான குட்த்தீங்க, ரெண்டு வாட்டியும்?"

"வூட்டு ஓனர் மெட்ராஸ்ல கீறாரு. அவரு நம்பிக் குட்த்த சாவிய நான் கண்ட எடத்துல வெச்சிட்டுப் போவ முடியுமா? கழட்டிட்டுத்தான் குட்ப்பேன்."

சசிகலா கொத்தோடு சேர்ந்திருந்த வண்டிச் சாவியைக் காட்டி, போடச் சொன்னாள். கோதண்டம் சாவியைத் திருப்பினார், வண்டி பிடித்தது. அணைத்தார், திருப்பினார், பிடித்தது. ஏழாவது தடவை, கொத்து ஆடிக்கொண்டிருக்கும்போதே திருப்பினார். சத்தமே இல்லை. லாம்ப்பும் எரியவில்லை. கோதண்டத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. சசிகலாவோ கைதட்டினாள். வண்டி நின்றுபோனதற்குக் கைதட்டும் ஆளைத் தாண்டவராயன் அன்றுதான் பார்த்தார்.

"சாவியை விடாதீங்க" என்று சொல்லி, தொங்கிய கொத்தை அடியிலிருந்து உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தாள். "இப்பப் போடுங்க." லாம்ப் எரிந்தது, எஞ்சின் பிடித்தது. கையை விட்டாள், நாலைந்து தடவைக்குள் மறுபடி செத்தது. தாங்கினாள்; உயிர் வந்தது.

"கனம் இழுத்து இழுத்து, சாவி போட்ற சுவிட்சு உள்ள தேஞ்சுபூட்ச்சு. ஒத்த சாவின்னா ஒயுங்கா ஒட்டுது, கொத்து தொங்குனா ஒட்டமாட்டேங்குது" என்றாள். பிறகு, கொஞ்சம் குரல் இறங்கி, "தப்பு என்னுதுண்ணா. ஓட்றவரப் பாக்காம ஒயரயே பாத்துகினு இருந்துட்டேன்" என்றாள். இதைச் சொல்ல எத்தனை மெக்கானிக்குக்கு வாய் வரும்?

மதியத்துக்குள் புது சுவிட்ச் மாட்டியாயிற்று. கொத்தை இனி வண்டிச் சாவியோடு சேர்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். கோதண்டம் அதை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டார். நடக்கும்போது கோயில் மாடு போவது போலச் சத்தம் கேட்டது.

மறுநாள் பதினொரு மணி நடை. டிரைவர்களின் ஃபோனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், வெளியே வந்தால்தான் பேச முடியும். பத்தரையிலிருந்து சசிகலாவுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் ஹாரனைக் காட்ட வந்தார். அரை மணி கழித்து வரச் சொன்னாள். கொட்டகை வாசலில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பதினொன்றே முக்கால் ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று. ஷிப்ட் பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. தாண்டவராயன் ஸ்டூலை நகர்த்திப் போட்டும் அவள் உட்காரவில்லை.

பன்னிரண்டு பத்துக்கு ஃபோன் அடித்தது.

"வெளிய வன்ட்டேம்மா. லோடு எறக்க லேட் பண்ட்டானுங்க. ஒரே திருப்பு, புட்ச்சுகிச்சு."

"எங்க நிக்கிறீங்க?"

"கேட்டாண்டதான்."

"ஆஃப் பண்ணுங்க."

"இன்னாம்மா நீ..."

"பண்ணுங்கண்ணா. பண்ணிட்டுத் திரும்பப் போடுங்க. ஃபோனைக் கீழ சாவியாண்ட புடிங்க."

இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொண்டு கேட்டாள். எஞ்சின் நின்றது. பிறகு பிடித்தது. "இன்னொரு வாட்டி" என்றாள். மறுபடி நின்றது, மறுபடி பிடித்தது. ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே, அந்த ஸ்டூலைக்கூடத் தேடாமல், கொட்டகை வாசல் மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.