நாலாம் நம்பர் மிஷின்

புதுச்சேரி உப்பளத்தில் டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற அந்த சாஃப்ட்வேர் கம்பெனியில் சுமலதாவைக் கண்டால் எல்லாருக்கும் நடுக்கம். நடுங்காத ஒரே ஆள் முதலாளி பிரேம்குமார். அவர் கொஞ்சம் நடுங்கியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

அரியாங்குப்பத்துக்குத் தெற்கே நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம் சுமலதாவுடையது. எம்.சி.ஏ. முடித்து, சென்னையில் ஏழு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு ஊர்ப்பக்கம் திரும்பினாள். இப்போது வயது நாற்பத்தொன்று. தினமும் ஸ்கூட்டியில் பாலம் தாண்டி வேலைக்கு வருவாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ரேஷன் கடை வரிசையில் நடுவே புகுந்த ஒரு பெரிய மனுஷரைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து விட்டவள். கோபம் வந்தால் கத்த மாட்டாள், குரலைத் தாழ்த்திக்கொள்வாள். அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் பக்கத்து மேஜைக்காரன் டீ குடிக்கக் கிளம்பிவிடுவான்.

போன வருஷம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து வேலை வந்தது. டயாலிசிஸ் வார்டு. ஒன்பது மிஷின், ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட், வாரத்துக்கு மூன்று தடவை வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிற நோயாளிகள். யாருக்கு எந்த நாள், எந்த ஷிஃப்ட், எந்த மிஷின் என்று ஒதுக்குவதற்கு ஒரு வெப் அப்ளிகேஷன் வேண்டும் என்றார்கள்.

பிரேம்குமார், புரோகிராமைத் தானே எழுதித் தருகிற ஒரு கோடு ஜெனரேட்டர் வாங்கி வைத்திருந்தார். நோயாளி, மிஷின், ஷிஃப்ட் என்று என்னென்ன விவரம் வேண்டுமோ அதைப் பட்டியல் போட்டுக் கொடுத்தால் போதும். விவரத்தைச் சேர்க்க, திருத்த, தேட வேண்டிய திரைகளையெல்லாம் அதுவே எழுதித் தள்ளிவிடும். ஒரே மதியத்தில் நாற்பது திரை. பேரன் பிறந்தது போல அவர் அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

சுமலதா கேட்டது முழு டெவலப்மென்ட் என்விரான்மென்ட். எழுதுவது, தப்பைத் தேடிப் பிடிப்பது, சோதித்துப் பார்ப்பது எல்லாம் அதில் ஒரே இடத்தில் நடக்கும். ஆனால் மூளையை நாம்தான் கசக்க வேண்டும்.

“அதுல மூணு மாசம் ஆவும் சுமலதா. ஆஸ்பத்திரிக்காரங்க அதுவரைக்கும் நம்ம மூஞ்சியப் பாத்துக்கினு இருப்பாங்களா?”

“இதுல திரை வரும் சார், கட்டுப்பாடு வராது. ஹெபடைடிஸ் பி இருக்கிறவங்கள ஒம்பதாம் மிஷின்ல மட்டுந்தான் போடணும். ரத்தத்துல பரவுற கிருமி. அத இந்த ஜெனரேட்டரு கிட்ட யாரு சொல்றது?”

“அத மட்டும் நீ கையால எழுதி உள்ள சொருவிடேன். என்னா பெரிய விஷயம்?”

சொருகினாள். பல்லைக் கடித்துக்கொண்டு அறுபது வரி எழுதினாள். கிருமி இருக்கிற நோயாளியை ஒன்பதைத் தவிர வேறு எந்த மிஷினுக்கு ஒதுக்கப் பார்த்தாலும் திரை மறுத்துவிடும். அப்ளிகேஷன் வார்டுக்குப் போனது, இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது.

அப்புறம் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன விஷயம் கேட்டார்கள். நோயாளியோடு கூட வருகிறவரின் போன் நம்பருக்கும் ஒரு கட்டம் வேண்டுமாம். பிரேம்குமார் ஒரு வியாழக்கிழமை, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், தன் லேப்டாப்பில் அந்தக் கட்டத்தைச் சேர்த்து, பட்டனைத் தட்டி, வந்ததை நேராக சர்வரில் ஏற்றிவிட்டார். ஜெனரேட்டர் தன் வழக்கப்படி எல்லாத் திரைகளையும் முதலிலிருந்து எழுதிக் கொடுத்திருந்தது. சுமலதாவின் அறுபது வரிகள் சர்வரில் இல்லாமல் போயின. போன் நம்பர் கட்டம் மட்டும் லட்சணமாக வந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நன்றி கூடச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலையில் தனக்கொடி சிஸ்டர் போன் செய்தாள். டயாலிசிஸ் வார்டுக்குப் பொறுப்பு அவள்தான். மீனவர் குடும்பத்துப் பெண். கடற்கரையில் பேசிப் பழகிய குரல், போன் இல்லாமலே உப்பளம் வரை கேட்கும்.

“இன்னாம்மா இது? பாசிட்டிவ் ஆளு ஒருத்தர ரெண்டாம் நம்பர்ல போட்டா சரின்னு ஏத்துக்குது உங்க கம்ப்யூட்டரு! எனக்கு ஆளத் தெரியும், நிறுத்திட்டேன். தெரியாதவங்க இருந்திருந்தா?”

சுமலதாவிடம் தன் கோடின் பத்திரமான பிரதி இருந்தது. பத்தே நிமிஷத்தில் பழையதைத் திரும்ப ஏற்றினாள். அத்தோடு நிறுத்தியிருந்தால் அன்றைய பாடு முடிந்திருக்கும். அவளால் முடியவில்லை. வியாழனிலிருந்து நடந்த ஒதுக்கீடுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். சனிக்கிழமை தனக்கொடி லீவு. மாற்றுக்கு வந்த நர்ஸ், திரை தடுக்காததால், காலியாக இருந்த மிஷினில் போட்டிருந்தாள். முதல் ஷிஃப்டில் கிருமி இருக்கிற ஒருவர் நாலாம் நம்பர் மிஷினில். இரண்டாம் ஷிஃப்டில் அதே மிஷினில் மாரியப்பன், வயது ஐம்பத்தேழு, பாகூர்ப் பக்கம் விவசாயம். டயாலிசிஸுக்குப் புதுசு. அந்தக் கிருமிக்கான தடுப்பூசி ஒரு தவணைதான் போட்டிருந்தது.

சுமலதா அந்தத் திரையை மூடாமலே எழுந்தாள். நேராக முதலாளி அறைக்குப் போனாள்.

“ஆஸ்பத்திரியில சொல்லணும் சார். இப்பவே.”

பிரேம்குமார் கதவைச் சாத்தினார். “ஒரு ஷிஃப்டுக்கும் இன்னொரு ஷிஃப்டுக்கும் நடுவுல மிஷின கழுவித்தான வெக்கிறாங்க? ஒண்ணும் ஆவாது. நாமளா போயி எதுக்கு வாயக் குடுக்கணும்?”

“கழுவினா போதும்னா தனி மிஷின் எதுக்கு சார் வெச்சிருக்காங்க?”

“யாரு தப்பு இது? ஒவ்வொரு ஃபைல் தலையிலயும் அந்த ஜெனரேட்டரே எழுதி வெச்சிருக்கு, இதக் கையால திருத்தாத, அடுத்த தடவ அழிஞ்சிடும்னு. நீ பாக்கல?”

சுமலதாவின் குரல் தாழவில்லை. இந்தத் தடவை கோபப்பட அவளுக்கு இடமில்லை. பார்த்திருந்தாள். பார்த்ததோடு விடாமல், ஒரு மிஷின் எனக்குப் புத்தி சொல்வதா என்று எரிச்சலில் அந்த வரியை அழித்தும் இருந்தாள். கையால் எழுதுவதை வைப்பதற்கென்றே அந்தக் கருவியில் தனி இடம் உண்டு. அதில் வைத்திருந்தால் எத்தனை தடவை பட்டனைத் தட்டினாலும் அழிந்திருக்காது. கருவி மேலிருந்த வெறுப்பில் அதன் விளக்கப் புத்தகத்தை அவள் திறக்கவே இல்லை. நாலெழுத்து படித்தவர்களின் திமிர் இப்படித்தான், தனக்குப் பிடிக்காததைப் படிக்காது. பட்டனைத் தட்டியது அவர்தான். தட்டினால் அழியும்படி வைத்தது இவள்.

“பாத்தேன் சார். அதையும் சேத்தே சொல்றேன்” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

“நீ போனா திரும்பி இங்க வராத!” என்று பிரேம்குமார் மாடிப்படி வரை வந்து கத்தினார். டைல்ஸ் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவள் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் தனக்கொடி முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, கையிலிருந்த பேனாவை மேஜைமேல் அடித்தாள். “கம்ப்யூட்டர் வந்துடுச்சி, இனிமே நோட்டு வேணாம்னு என்கிட்டயிருந்து புடுங்கினீங்களே! யாரு பாசிட்டிவ், யாருக்கு எந்த மிஷின்னு எழுதி வெச்ச என் நோட்டு இருந்திருந்தா வந்த நர்ஸு அதப் பாத்திருப்பா!” அவள் கண் கலங்கியிருந்தது. திட்டிக்கொண்டே டாக்டருக்குப் போன் போட்டாள். ஒரு மணி நேரத்தில் மாரியப்பனை வரவழைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், அன்றைக்கே பாதுகாப்பு ஊசியும் போட்டார்கள். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, ஆறு மாதம் கழிந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

“அவர்கிட்ட நானே சொல்றேன் சிஸ்டர்” என்றாள் சுமலதா.

மாரியப்பன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். கம்ப்யூட்டர், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் அவள் முடிந்த மட்டும் எளிமையாகச் சொன்னாள்.

“அழிஞ்சிடும்னு எழுதியிருந்திச்சா?”

“இருந்திச்சிங்க.”

“படிச்சியா?”

“படிச்சேன்.”

“படிச்சிட்டுமா?” மனுஷர் எழுந்து நின்றுவிட்டார். “ஏம்மா, பூச்சி மருந்து டப்பாவுல போட்டிருக்கிறத நான் கூட எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டுத்தான் அடிக்கிறேன். கிட்னி போயி கெடக்கிறவன், இதுவும் சேந்துக்கினா நான் எங்க போவேன்? என் பொண்டாட்டி எங்க போவா?” வார்டே திரும்பிப் பார்த்தது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்ட சுமலதா, அன்றைக்கு நின்று கேட்டுக்கொண்டாள். சமாதானம் சொல்லியிருந்தால் செருப்பால் அடித்திருப்பார், அடித்திருக்கவும் வேண்டும்.

பிரேம்குமார் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த வேலையை வேறு யாராலும் சரி செய்ய முடியாது, ஆஸ்பத்திரியோ இரண்டு மாதம் கெடு கொடுத்திருந்தது. பெயர், முகவரி, போன் நம்பர் வாங்குகிற திரைகளை ஜெனரேட்டரிடமே விட்டாள் சுமலதா. அதற்கு அது போதும், அதில் அவளுக்கு இப்போது சண்டை இல்லை. மிஷின் ஒதுக்கும் பகுதியை மட்டும் முழு என்விரான்மென்டில் தனியாக உட்கார்ந்து எழுதினாள். கோடில் யார் எதை மாற்றினாலும், கிருமி இருக்கிற ஒருவரை நாலாம் மிஷினில் படுக்க வைக்க ஒரு சோதனை தானாகவே முயன்று பார்க்கும். அது மறுக்கப்பட்டால்தான் மாற்றம் சர்வருக்கே போகும். தனக்கொடியின் நோட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு எழுதியும் கொடுத்தாள்.

மாதாமாதம் மாரியப்பனுக்கு ரத்தம் எடுக்கிற நாளில் சுமலதாவும் போய் நின்றாள். அவர் அவளோடு பேசமாட்டார். முடிவு வந்ததும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

ஆறாவது மாதம் தனக்கொடி தாளை வாங்கிப் படித்து, “ஒண்ணும் இல்ல, கிருமி இல்ல” என்றாள். சுமலதா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மாரியப்பன் அவள் முன்னால் வந்து நின்றார்.

“எனக்கு ஒண்ணும் இல்லன்னதும் உன்மேலயே உனக்கிருந்த கோவம் போயிடுச்சா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “போவலைங்க.”

“போவக்கூடாது. நாளைக்கு இந்தக் கட்டில்ல வேற ஒருத்தன் வந்து படுப்பான்” என்றார் மாரியப்பன்.