துத்தம் போடாத பசை

பெட்டிக்காரர் என்றால் அந்தத் தெருவில் ஒரே ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் தோல் பெட்டி விற்கிறவர்கள், அவர் பெட்டி செய்கிறவர். இந்த வித்தியாசம் புரியாமல் பேசுகிறவனைக் கடைவாசல் ஏற விடமாட்டார்.

கப்பலை விட்டு இறங்கும்போது அவரிடம் இருந்தது ஒரு குத்தூசி, ஒரு தோல் கத்தி, மெழுகு தேய்த்த நூல்கண்டு ஒன்று. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அந்த ஊர்ப் பாஷையில் ‘ஆகட்டும்’, ‘நாளைக்கு’ என்று இரண்டே வார்த்தை தெரியும். அந்த இரண்டை வைத்துக்கொண்டு தொழிலை நிமிர்த்திக் காட்டினார். நாலு பாஷை படித்தவன் எவனாவது அப்படிச் செய்திருக்கிறானா என்று கேட்டால் பதில் வராது.

முதலில் குடியிருந்தது ஓர் இறைச்சிக் கடைக்குக் கீழே, தரைக்கடியில் இருந்த அறையில். மேலே கழுவி விடுகிற தண்ணீர் சுவரில் கசிந்து வழியும். சுவரில் முதுகு படாமல் இரண்டு வருஷம் தூங்கினார். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது மூக்கைச் சுளிக்காமல் அவரால் சொல்ல முடியாது.

ஆரம்பத்தில் பழைய பெட்டிகளைப் பழுது பார்க்கிற வேலைதான். அறுந்த பிடி, கழன்ற கீல். கொண்டுவந்து கொடுப்பவர்கள் கோட்டும் தொப்பியுமாகத்தான் இருப்பார்கள். பெட்டியைத் திறந்தால் தெரியும் சங்கதி. மூலையில் வெட்டிப் போட்ட நகம், கற்றையாக முடி, பூஞ்சை பிடித்துப் பச்சையாகிவிட்ட ரொட்டி. ஒரு தடவை உள்துணிக்குப் பின்னால் காய்ந்துபோன எலி. அந்தப் பெட்டியைக் கொடுத்தவர் ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். பெட்டிக்காரர் வாசலுக்குப் போய்க் காறித் துப்பிவிட்டு வந்து வேலையைத் தொடர்ந்தார்.

அந்த அருவருப்பில்தான் சொந்தப் பெட்டி பிறந்தது. ‘நான் செய்கிற பெட்டிக்குள்ளே ஒரு பூச்சி நுழையக்கூடாது’ என்பது ஒன்றுதான் அவருடைய கணக்கு. ஓரமெல்லாம் கைத்தையல். உள்துணி ஒட்ட மைதாப் பசை. அதில் மயில்துத்தம் பொடித்துப் போட்டுக் காய்ச்சுவார்கள். துத்தம் விஷம், அது விழுந்த பசையைப் பூச்சி வாயில் வைக்காது. மூடியின் உள்பக்கம் ஒரு தோல் பட்டை, அதில் பித்தளை அச்சைச் சுடவைத்து அழுத்தின முத்திரை. முத்திரையில் ஓர் ஊசியின் படம், அவ்வளவுதான்.

முப்பது வருஷத்தில் எட்டுப் பேர் வேலை செய்கிற பட்டறையாயிற்று. வீட்டம்மா தையல் மிஷினில் உட்கார்ந்தாள், மகளைக் கட்டின மாப்பிள்ளை விற்பனையைப் பார்த்தார். அப்போதுதான் கடைவீதியின் பெரிய கடையிலிருந்து கொள்முதல் பார்க்கிற அம்மாள் வந்து நாற்பது பெட்டி கேட்டாள். உள்துணி தூய வெள்ளையாக இருக்க வேண்டும். பெட்டிகள் பிடித்துவிட்டால் அவர் முத்திரையோடேயே கண்ணாடி ஜன்னலில் அடுக்கி வைப்பதாகச் சொன்னாள். பெட்டிக்காரர் அன்றைக்கு வீடு போய்ச் சேருவதற்குள் எதிர்ப்பட்ட ஏழு பேரிடம் இதைச் சொல்லிவிட்டார்.

பெட்டிகள் முடிந்து, மழை மாதம் இரண்டும் பின்னறையில் அடுக்கியிருந்தன. அம்மாள் பதினோரு மணிக்கு வரவேண்டிய காலையில், ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மேலே இருந்த பெட்டியைத் திறந்தார்.

முதலில் நாற்றம் வந்தது. ஊசிப்போன மாவும் ஈரச் சாக்கும் கலந்த நாற்றம். அப்புறம் பார்த்தால் வெள்ளைத் துணி மெதுவாக நெளிந்தது. கத்தி நுனியால் கிழித்தார். கரப்பான் குஞ்சுகள் பொலபொலவென்று கையில் கொட்டி, முழங்கை வரை ஏறின. பசை இருந்த இடமெல்லாம் பருப்புப் பருப்பாக முட்டைக்கூடு. பெட்டிக்காரர் கையை உதறிக்கொண்டே மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

மாப்பிள்ளை ஓடிவந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். நாலு பெட்டி மட்டும் சுத்தமாகத் தெரிந்தது.

“மாமா, பதறாதீங்க. மருந்தடிச்சுத் துடைச்சிடலாம். இந்த நாலையும் மேல வெச்சிடறேன். அந்தம்மா மேல இருக்கறதைத்தான் தொறப்பாங்க.”

“மீதியைத் தொறக்கப்போறது யாரு மாப்பிள்ளை? வாங்கிட்டுப் போறவன். அவன் சட்டைக்குள்ள இது பூந்து விளையாடும்.”

“அதுக்குள்ள ஜன்னல்ல நம்ம பேரு ஏறிடும்ல.”

அது பெட்டிக்காரருக்கு உறைத்தது. அந்த நாலில் ஒன்றைத் தடவிப் பார்த்தார். என்ன அழகு. துணிக்குப் பின்னால் ஏதோ சரசரத்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“பசை காய்ச்சினது எவன்?”

பசைக்காரர் மூலையில் தலைகுனிந்து நின்றார். மிஷினை நிறுத்திவிட்டு வீட்டம்மாதான் பேசினாள்.

“அவரை ஏங்க முறைக்கிறீங்க? வெள்ளைத் துணியில நீலம் ஏறுதுன்னு துத்த டப்பாவைத் தூக்கி ஜன்னல் வழியா எறிஞ்சது யாரு? ‘வேணாங்க ஐயா, பூச்சி வரும்’னு அவர் சொன்னாரு. ‘எனக்கே பசை கத்துத் தர்றியா’ன்னு கேட்டீங்க. நான் இதே ஸ்டூல்லதான் உக்காந்திருந்தேன்.”

பெட்டிக்காரர் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். சோப்புப் போட்டு மறுபடி கழுவினார். கரப்பான் போய்விட்டது, அருவருப்பு போகவில்லை. அது இப்போது பூச்சி மேல் இல்லை.

அம்மாள் சரியாகப் பதினோரு மணிக்கு வந்தாள். மாப்பிள்ளை மேல்பெட்டிப் பக்கம் கை நீட்டுவதற்குள், பெட்டிக்காரர் கிழித்து வைத்திருந்ததை இழுத்து அவள் முன்னால் திறந்தார். அவள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தாள்.

“கருமம். யாரு பண்ணின வேலை இது?”

“பசை போடற ஆளு கொஞ்சம்...” என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

“நான் பண்ணினது,” என்றார் பெட்டிக்காரர். “துத்தம் போடவேணாம்னு நான்தான் சொன்னேன். நாற்பதும் இப்படித்தான் இருக்கு.”

அம்மாள் வாசல்வரை போய் நின்று யோசித்தாள்.

“துணியெல்லாம் உரிச்சுட்டு சாம்பல் நிறத்துல போட்டுக் கொடுங்க, எடுத்துக்கறேன். ஆனா அந்த ஊசி முத்திரை வேணாம். அதைப் பார்த்தா எனக்கு இனிமே இந்தப் பூச்சிதான் ஞாபகம் வரும்.”

மாப்பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷ முத்திரை.

“ஆகட்டும்,” என்றார் பெட்டிக்காரர்.

அவள் போனதும் பசைக்காரரிடம் திரும்பினார். “அடுப்பை மூட்டுங்க. துத்தம் ஒரு பிடி கூடவே போடுங்க.” அதுவரை அவரை ‘நீ’ என்றே அழைத்தவர். பசைக்காரர் ஒரு நிமிஷம் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

முத்திரையைச் சுரண்டுகிற வேலையை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. முகத்தைச் சுளித்தபடியே, நாற்பது பட்டையிலும் தோலை மயிரிழை கனத்துக்குச் சீவி எடுத்தார். ஒன்றிலும் கத்தித் தடம் தெரியவில்லை. அப்படிச் சீவ அந்த ஊரில் இன்னொரு கை கிடையாது.