அடுப்புக்கு வைத்த பொட்டு

அம்மாவுக்கு இனி விறகுப் புகையே ஆகாது, இன்னொரு தடவை இப்படி மூச்சுத் திணறினால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று பதுளையில் டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வாரமே அப்புத்தளையில் ஒரு காஸ் அடுப்பு வாங்கி, தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்தேன். காஸ் வெடித்த செய்திகளை டிவியில் பார்த்துப் பயந்துபோயிருந்த அம்மாவை, தீக்குச்சியே வேண்டாம், திருகினால் தானாகப் பற்றும் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன்.

அடுத்த லீவில் கொழும்பிலிருந்து சனிக்கிழமை காலை வந்து இறங்கினால், அம்மா பின்பக்கம் விறகடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்ததே கோபம்!

"நா என்னா செய்ய? பத்த மாட்டேங்குது. டக்கு டக்குனு சத்தம் மட்டுந்தான் வருது."

சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன், கனமாகத்தான் இருந்தது. திருகியதும் காஸ் வாடை வந்தது. உடனே மூடிவிட்டு ஜன்னலைத் திறந்தேன். காஸ் வருகிறது, பொறிதான் இல்லை. எங்கள் ஊர் மூடுபனியில் ஈரம் ஏறியிருக்கும் என்று துணியால் துடைத்தேன், விசிறினேன். பிறகு திருகித் திருகி விரல் சிவந்ததுதான் மிச்சம். கொழும்பில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன் என்ற பெருமையெல்லாம் போன இடம் தெரியவில்லை.

கடைசியில் பர்னரைக் கழற்றிக் குனிந்து பார்த்தேன். பொறி வரும் சின்ன ஊசி இரண்டிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தன. வெள்ளிக்கிழமை தவறாமல் விறகடுப்பின் வாய்க்குப் பொட்டு வைக்கிறவள் அம்மா. புது அடுப்புக்கு வாய் எது என்று தேடிப்பிடித்து வைத்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே நகத்தால் சுரண்டித் துடைத்து, பர்னரை மாட்டிவிட்டுத் திருகினேன். டப்பென்று பற்றிக்கொண்டது.

"பாத்தீங்களா!" என்றேன்.

அம்மா தீயைப் பார்க்கவில்லை. "பொட்ட அழிச்சிட்டியா?" என்றாள்.

"இந்தாங்க, அடுப்போட மேல்கண்ணாடியில ஓரமா வைங்கம்மா. அதுவும் அடுப்புதானே?"

"நெருப்பு பொறக்குற எடத்துலதான் வைக்கணும். எனக்கு இதக் கண்டாலே பயம் தம்பி, குச்சி கிழிச்சுப் பத்தவைக்க அதவிடப் பயம். அந்தப் பொட்ட நம்பித்தான் கிட்டவே போனேன்."

பொறி எப்படி வருகிறது, பொட்டு எப்படி மறிக்கிறது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "சரிப்பா" என்றாள். டாக்டர் சொன்னதைச் சொல்லிக் கத்தினேன். அதற்கும் "சரிப்பா" என்றாள். பிறகு சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

பாத்திரம் எதுவும் ஏறாமல் எரிந்துகொண்டிருந்த அடுப்பின் முன்னால் அப்படியே நின்றேன். பெற்ற தாயின் பயத்தை என்னால் பழுது பார்க்க முடியவில்லை. பின்பக்கமிருந்து அம்மா மூச்சு வாங்கி இருமுவது கேட்டது.

காஸை மூடிவிட்டு ஓடினேன். ஊதுகுழலை அவள் கையிலிருந்து பிடுங்கி, அவளை வாசல் பக்கம் அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்து ஊதினேன். திங்கட்கிழமை நான் கொழும்பில் வேலைக்கு நிற்க வேண்டும்.