வரிசையில் நின்ற பேத்தி

உனக்கு எதற்கு இந்தக் கதை? உன் வீட்டில் கதையே இல்லையா? கேட்டுவிட்டு "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டினால் துடைப்பத்தை எடுப்பேன், சொல்லிவிட்டேன்.

என் பேத்தி கடப்பாக்கத்தில் இருந்தவரை யார் மாதிரி வேண்டுமானாலும் பேசிக் காட்டுவாள். பஸ் கண்டக்டர், பாஸ்டர், நான், ஒருத்தரையும் விடமாட்டாள். டாக்டராக்குகிறேன் என்று என் மகன் அவளைப் பிளஸ் ஒன்னுக்குப் படாளம் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தான். அங்கே வார்டன் அம்மா மாதிரி பேசிக் காட்டியிருக்கிறாள். யாரும் அவளோடு பேசக்கூடாது என்று தண்டனை போட்டுவிட்டார்கள்.

பெற்றோர் பார்க்கும் ஞாயிறன்று நான் போனேன். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஒரே ரெட்டைப் பின்னல், ஒரே வெள்ளை ரிப்பன், ஒரே மாதிரி கட்டிய கை. ஓடிப்போய் ஒருத்தியைக் கட்டிக்கொண்டேன்.

"பாட்டி, நான் இல்ல. உங்க பேத்தி பின்னால நிக்கிறா."

நின்றாள். நான் வேறு பிள்ளையைக் கொஞ்சுவதைப் பார்த்துக்கொண்டு, வாயே திறக்காமல்.

"ஏன்டீ, ஆயான்னு ஒரு கொரல் குடுக்கக் கூடாதா?"

"லைன்ல பேசக் கூடாது ஆயா."

சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். வார்டனைப் பார்த்துப் பார்த்து விழுங்கினாள்.

"யாரு மாரியாச்சும் பேசிக் காட்டுடீ. என் மாரி பேசு."

"இப்போ யாரு மாரியும் பேசறதில்ல ஆயா. என் மாரி கூட பேச வர்ல. என்ன வூட்டுக்கு இட்டுகினு போயிடு."

மகனுக்குப் போன் போட்டேன். "பல்ல கடிச்சிகினு இருக்கச் சொல்லுமா" என்று வைத்துவிட்டான். வார்டன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அப்பா சொல்லாமல் அனுப்ப முடியாது என்றார்.

வேறு வழி தெரியவில்லை. எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து, கடப்பாக்கம் கரையில் நான் தினம் மீன் ஏலம் விடுகிற மாதிரி, வார்டன் அம்மாவையே மீனாக்கி ஏலம் விட ஆரம்பித்தேன்.

"வா அண்ணாத்த வா! செவுளப் பாரு, இன்னும் செவப்பா கீது! யாரு எட்த்துகினு போறீங்க?"

பெற்றவர்கள் சிரித்தார்கள். பிள்ளைகளில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். என் பேத்தியும்தான். ஆனாலும் நான் நிறுத்தவில்லை.

இப்போது வார்டனே என் மகனுக்குப் போன் போட்டார். "உங்க அம்மாவையும் பொண்ணையும் இப்பவே வெளிய அனுப்பறேன். வந்து டிசி வாங்கிக்கங்க."

பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கடப்பாக்கத்தில் இறங்கியதும் கையைக் கட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் வரிசையாக நடந்தாள். இன்றுவரை பேச்சு முழுசாகத் திரும்பவில்லை. மகன் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அன்றைக்கே தெருவில் அக்கம்பக்கத்தார் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னா ஆயா, பொண்ண தொரத்திட்டாங்களா?"

"அவள ஏன் தொரத்தறாங்க? டிஸ்மிஸ் ஆனது நானு. கெழவி தனியா பஸ் ஏறுவாளான்னு புள்ள தொணைக்கு வந்துகீது" என்றேன்.