குண்டானில் வெந்த பவளம்

கடல் எங்கள் வீட்டுக்குள் இரண்டு முறை வந்தது. முதல் முறை அதுவாக வந்தது. இரண்டாம் முறை என் வீட்டுக்காரர் கேனில் பிடித்துக்கொண்டு வந்தார்.

முதல் முறை வந்தபோது அந்தமானில், சிப்பிகாட்டில் வயலை ஒட்டிய தாழ்வான வீட்டில் இருந்தோம். மகள் கைக்குழந்தை. நிலம் ஆடி நின்றதும் அவர் அவளைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினார். நான் பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது வயல் முழுக்கத் தண்ணீர். அது வடியவே இல்லை. நிலமே இறங்கிப் போய்விட்டது என்றார்கள். கடல் ஏறும் நேரத்தில் எங்கள் அடுப்படி இருந்த இடத்தில் இப்போதும் மீன் மேய்கிறது.

முகாமில் இருந்த நாட்களில் அவருக்கு வயிற்றுப்போக்கு வந்து ஆளே பாதியாகிவிட்டார். அதிலிருந்து பிடித்தது அந்தக் கிறுக்கு. குடிக்கிற தண்ணீர், காய்கறி, கைக்குட்டை, குழந்தையின் பொம்மை, எதைக் கண்டாலும் கொதிக்க வைப்பார். "கொதிக்க வெச்சா எல்லாம் செத்துரும்" என்பார், ஏதோ மந்திரம் சொல்வதுபோல. நான் கேலி பண்ணுவேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் அதே நம்பிக்கைதான். தீவில் அந்த வருடங்களில் யாருக்குத்தான் இல்லை?

பிறகு சாத்தம் பக்கம் வாடகைக்கு வந்தோம். அவருக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் டிக்கெட் கவுன்ட்டர் வேலை. வீடு தாழ்வுதான், ஆனால் பின்பக்கம் மலைச்சரிவில் படி உண்டு. உச்சியில் குடிநீர்த் தொட்டி. அந்தப் படிக்காகத்தான் அந்த வீட்டை எடுத்தேன். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை எப்போதும் கட்டித் தயாராக இருக்கும்: சான்றிதழ்கள், டார்ச், பிஸ்கட், மகளின் இழுப்பு மருந்து. அவளுக்குக் குழந்தையிலிருந்தே மழைக்காலத்தில் லேசான இழுப்பு உண்டு. ஆனாலும் நிலம் ஆடினால், ஆடாவிட்டால்கூட நான் "ஓடு" என்று கத்தினால், படியில் அவள்தான் முதல் ஆள். மேலே நின்றுகொண்டு, "அம்மா ஆமை, அம்மா ஆமை" என்று கத்துவாள். அந்தக் கத்தலைக் கேட்டால்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் மேலே போய்விடுவாள் என்பதுதான் என் ஒரே தைரியம்.

இப்படிப் பிழைத்துக்கொண்டிருந்த வீட்டுக்குள் ஒரு நாள் அந்த மனுஷர் கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். பவளத் தொட்டியாம். சுத்தமான கரை தேடிப் போய் வண்டியில் கேன் கேனாகக் கடல் தண்ணீர்.

"கடல் நம்ம வீட்டுக்கு வந்து போனது பத்தலையா உங்களுக்கு?" என்றேன்.

"இது நாம சொன்ன இடத்துல நிக்கும்" என்றார்.

அலைக்குப் பிறகு அவர் கடலில் கால் நனைத்ததே இல்லை என்பது எனக்குத் தெரியும்; கேனைக்கூடப் பாறைமேல் நின்று கயிற்றில் இறக்கித்தான் மொண்டிருப்பார்.

இங்கே கரையில் கிடக்கிற செத்த பவளத்தைக்கூட எடுக்கக் கூடாது, கேஸ் ஆகிவிடும். அதனால் சென்னையில் மீன் கடை வைத்திருந்த அவருடைய சிநேகிதர், தொட்டியிலேயே வளர்த்த பவளத்தைத் தெர்மோகோல் பெட்டியில் விமானத்தில் அனுப்பினார். அந்தமானுக்கு மெட்ராஸிலிருந்து பவளம்! ஜெட்டியில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அதே பெட்டியில்தான் அந்த மீனும் வந்தது. குள்ள ஏஞ்சல் என்றார்கள். ஊதா உடம்பு, வயிற்றில் நெருப்பு நிறம், செவுளுக்குக் கீழே ஒரு முள். இதற்கு மேல் வளராதாம். ஒரு பொந்தில் நுழையும், அடுத்த பொந்தில் தலையை நீட்டி நம்மை உற்றுப் பார்க்கும்.

அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அதைப் பிடிக்கவில்லை. காரணம், அது சத்தம் போட்டது. ஆள் கிட்டே போனால் கண்ணாடிக்குள்ளிருந்து 'டொக், டொக்' என்று வரும், சுவரில் பல்லி சொல்வதுபோல. பல்லி சொன்னால் எந்தத் திசை, என்ன பலன் என்று பார்க்கத் தெரியும். கடலுக்குள்ளிருந்து சொல்வதற்கு யாரிடம் போய்ப் பலன் கேட்பது? மகளோ அதன் அடிமை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். "டொக்" என்று அவளும் நாக்கால் பதில் சொல்வாள்.

வீட்டில் இன்னொரு வழக்கமும் வந்தது. லேசாக ஏதாவது அதிர்ந்தால் முன்பு மின்விசிறியைப் பார்ப்போம். இப்போது மூன்று பேரும் தொட்டித் தண்ணீரைப் பார்த்தோம். தண்ணீர் சாய்ந்தால் ஓட வேண்டும். சாயாவிட்டால் லாரி.

மீன் பவளத்தைக் கடிக்கத் தொடங்கியது. சதை மாதிரி விரிந்து நிற்கும் நல்ல பவளங்களை ஓரம் ஓரமாகக் கொத்தியது. சிநேகிதர் போனில் விளக்கினார்: இந்த ஜாதிக்குப் பாறையில் மேய்வதற்குப் பாசி வேண்டும், பாசி குறைந்தால் பவளத்தில் வாய் வைக்கும். பாசி எப்படி வளரும்? சட்டைப் பொத்தான்களை நெருக்கி ஒட்டியதுபோல் ஒரு பழுப்புப் பவளம் பெரிய பாறையை முழுக்க மூடியிருந்தது. பட்டன் பவளம் என்பார் இவர். மீன் அதை மட்டும் ஒரு தடவைகூடத் தொடவில்லை. அதை நாங்கள் பார்த்தோம், பார்த்தும் யோசிக்கவில்லை.

பாறையைச் சுத்தம் பண்ணினால் பாசி வளரும், மீனும் கடிக்காது என்று இவர் கணக்குப் போட்டார். சுத்தம் என்றால் இவர் அகராதியில் என்ன அர்த்தம்? அடுப்புதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை கொட்டியது. சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. பாறையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"என் சோத்துப் பாத்திரத்துல அந்தக் கருமத்தப் போட்டீங்க, நடக்கறதே வேற."

"தொடல தாயே, தொடல" என்று சொல்லி, பரணிலிருந்து பழைய அலுமினியக் குண்டானை எடுத்தார். சமையலுக்கு இல்லை அது. மகளுக்குச் சளி பிடித்தால் ஆவி பிடிக்க மட்டும் வைத்திருந்த குண்டான்.

தண்ணீர் கொதித்தது. மீன் சந்தையும் துருப்பிடித்த இரும்பும் கலந்த நாற்றம். மகள் தொட்டியிலிருந்து ஓடி வந்தாள்.

"அப்பா, மீனக் காணோம்! பாறைக்குள்ள இருந்துச்சா பாத்தீங்களா?"

"தொட்டிலதான் எங்கயாவது ஒளிஞ்சிருக்கும் பாப்பா."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, குண்டானுக்கு மேலே குனிந்து, பாறையின் பொந்துகளைப் பார்த்தாள். ஆவி முகத்தில் அடித்தது. "டொக்" என்று கூப்பிட்டாள். நான் அவள் சட்டையைப் பிடித்து இறக்கினேன், கை சுட்டுக்கொள்வாளே என்ற பயத்தில்.

சாயங்காலம் அவளுக்கு இருமல் எடுத்தது. பிறகு இழுப்பு. மழைக்காலம்தானே என்று மருந்தை அடித்தோம், அடங்கவில்லை. இவர் பதறிப்போனார். பாறையைப் பக்கெட்டுக்கு மாற்றினார், குண்டானைத் தேய்த்தார், புதுத் தண்ணீர் ஊற்றி நன்றாகக் கொதிக்க வைத்தார். மகளை உட்கார வைத்துப் போர்வையைப் போட்டு மூடினார். "நல்லா இழு கண்ணு, நல்லா உள்ள இழு." போர்வைக்குள்ளிருந்து அவள் இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்பா சொன்னால் அவள் மறுக்கவே மாட்டாள்.

போர்வையை எடுத்தபோது உதடு வெளுத்திருந்தது. "வாய் கசக்குதும்மா, இரும்பு மாதிரி" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவருக்கோ குளிரில் பல் கிட்டிக்கொண்டது.

ஆட்டோக்காரர் எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, "அரே, க்யா கா லியா ஆப் லோக்?" என்றார். என்ன சாப்பிட்டீர்கள் என்று ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் கேட்டார்கள். சாம்பார் சாதம் என்றேன். நிஜமாகவே சாம்பார் சாதம்தான். அவளுக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். மார்பு ஏறி ஏறி இறங்கியது. நான் அந்த மார்பையே பார்த்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் திட்டினேன்.

வராந்தாவில் இவர் சிநேகிதருக்குப் போன் போட்டார். எதற்கு? பாறையை எடுத்ததும் மீன் காணாமல் போய்விட்டது, மகள் கண் விழித்தால் கேட்பாள், என்ன செய்யலாம் என்று கேட்க. அப்படியே பேச்சுவாக்கில் கொதிக்க வைத்ததையும் சொன்னார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது.

"பட்டன் பவளத்தையா? அடுப்புலயா? அண்ணே, அது விஷம்ணே! சூட்டுல சாகாது, ஆவியோட ஏறும். மொதல்ல எல்லாரும் வீட்ட விட்டு வெளிய வாங்க!"

இவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்தார். "நானே போர்வையப் போட்டு மூடுனேனே" என்றார். ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னது நான்தான். அந்த டாக்டர் இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் நான் சொன்னதை நின்று கேட்டார், மெயின்லேண்டுக்குப் போன் போட்டார், இரவெல்லாம் அவள் பக்கத்திலேயே இருந்தார். அவருக்கு நான் கடன்பட்டவள்.

அவள் பிழைத்தாள். அதைச் சொல்லிவிடுகிறேன், பிழைத்தாள். நுரையீரலில் புண் ஆறினாலும் தழும்பு நிற்கும் என்றார் டாக்டர். இவருக்கும் இருமல் நின்றுபோகவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று தொட்டியிலிருந்து 'டொக்' என்றது. மோட்டாருக்குப் பின்னால் அத்தனை நாளும் ஒளிந்திருந்திருக்கிறது, பாவி மீன். மகள் சிரித்தாள். பதிலுக்கு நாக்கைத் தட்டப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. சிநேகிதர் சொன்னபடி இவர் மூக்கு வாயைக் கட்டிக்கொண்டு, வேகவைத்த பாறைமேல் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டிக் குண்டானோடு புதைத்தார். தொட்டியில் மட்டும் கை வைக்கவில்லை. மற்றப் பாறைகளிலும் பட்டன் பவளம் ஒட்டியிருந்தது. சுரண்டினாலும் விஷம், காய்ந்தாலும் விஷம். தூக்கிக் கடலில் போடவும் மனம் வரவில்லை. ஆகவே அது அங்கேயே நின்றது, அவர் சொன்ன இடத்தில்.

அடுத்த வருடம் ஒரு விடுமுறை நாள். மூன்று பேரும் வீட்டில் இருந்தோம். மகள் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, தண்ணி சாயுது."

பார்த்தேன். தண்ணீர் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, விளிம்பைத் தாண்டித் தரையில் கொட்டியது. லாரி இல்லை. பையை எடுத்தேன். தெருவே படியில் ஏறிக்கொண்டிருந்தது. நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். பாதிப் படியில் கை கனத்தது. உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க போங்கம்மா. நான் மெதுவா வரேன்."

இவர் குனிந்து அவளைத் தோளில் தூக்கினார். கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே தோள். சில படிதான் ஏறினார். இருமல் பிடித்துக்கொண்டது, சுவரைப் பிடித்துக்கொண்டு அவளை இறக்கினார். நான் தூக்கிப் பார்த்தேன், வளர்ந்த பெண், முடியவில்லை. பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் இடுப்பில் குழந்தையோடு எங்களைத் தாண்டி ஏறினாள். நின்று, காலியாக இருந்த ஒரு கையை நீட்டினாள்.

"தீதி, பேக் தே தோ!"

பையைக் கொடுத்தேன். பை மேலே போனது. நாங்கள் மூன்று பேரும் படியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு அது வரவில்லை. ஆபத்து இல்லை என்று ரேடியோவில் சொன்ன பிறகு மேலே போனவர்கள் பேசிச் சிரித்தபடி இறங்கினார்கள். பை எங்களிடம் திரும்பி வந்தது. மகளுக்கு இன்னும் மூச்சு திரும்பியிருக்கவில்லை.